டைம் கீப்பரின் ஓட்டம்

வைகாசி ஏழாம் தேதி விடியற்காலை ஐந்து பத்துக்கு, டைம் கீப்பர் சென்னியப்பன் கண்ணைத் திறந்தபடி கட்டிலில் படுத்திருக்க, அவருடைய ஓட்டம் மட்டும் எழுந்து, வாசற்படி மூன்றையும் இறங்கி, சந்தைப்பேட்டை வீதியில் கிழக்கே திரும்பி, தட் தட் தட் தட் என்று போயிற்று. ஆள் இல்லை, நிழல் இல்லை, ஷூ இரண்டும் கட்டிலுக்கடியிலேயே கிடந்தன. காலடிச் சத்தம் இருந்தது, மூன்றடிக்கு ஒருதரம் உள்ளே போய் மூன்றடிக்கு ஒருதரம் வெளியே வரும் மூச்சு இருந்தது, வலதைவிட இடது கால் கொஞ்சம் அழுந்தி விழுகிற பழக்கமும் இருந்தது. பதினெட்டு வருஷமாகக் கரட்டுப்புதூர் கேட்டுவந்த அதே ஓட்டம்தான். எதிரே மொபெட்டில் வந்த பால்காரி மயிலாத்தாள் வழக்கம்போல ஓரம் கட்டி வழிவிட்டாள். இன்றைக்கு ஆளைக் காணோமே என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்கு மேல் நினைக்க அவளுக்கு நேரமில்லை, இன்னும் பதினோரு வீட்டுக்குப் பால் ஊற்ற வேண்டியிருந்தது.

ஆளை ஏன் காணோம் என்றால் குதிகால்தான் காரணம். கரட்டுப்புதூர் பஸ் ஸ்டாண்டில் இருபத்தாறு வருஷமாக டைம் கீப்பராக இருக்கிறவர் சென்னியப்பன். அவர் விசில் ஊதினால் பஸ் நகர்ந்தாக வேண்டும். டிரைவர் கையில் டீ டம்ளர் இருந்தாலும் சரி, கண்டக்டர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாலும் சரி, மூட்டையோடு ஓடிவருகிற ஆள் கையை ஆட்டிக் கத்தினாலும் சரி. முப்பத்தைந்து வயதில் சர்க்கரை வரப் பார்க்கிறது என்று டாக்டர் மிரட்டியதற்காக ஓட ஆரம்பித்தார். சர்க்கரை பயந்து ஓடிப்போன பிறகும் அவர் ஓடுவதை நிறுத்தவில்லை. ஒன்பது கிலோமீட்டர், ஐம்பத்திரண்டு நிமிஷம், மழையானாலும் பனியானாலும், மகள் கல்யாணத்தன்றுகூட, ஓடிவிட்டு வந்துதான் தாரை வார்த்தார். ஐம்பத்து மூன்று வயதில், கோயம்புத்தூரில் நடக்கிற இருபத்தோரு கிலோமீட்டர் பந்தயத்தை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை வந்ததும், ஊரை ஒட்டிய சிறு குன்றான கரட்டின் மேல் இருக்கிற கோயிலின் படிக்கட்டு இருநூற்று நாற்பதையும் ஓடி ஏறி ஓடி இறங்க ஆரம்பித்தார், வாரத்துக்கு ஒருநாள் என்று தொடங்காமல் எடுத்த எடுப்பில் வாரத்துக்கு ஐந்து நாள்.

கெண்டைக்காலிலிருந்து குதிகாலுக்கு இறங்குகிற தடித்த தசைநார் ஒன்று இருக்கிறதே, அது முதலில் காலையில் மட்டும் முனகியது. கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் பத்து அடி, வெயிலில் காய்ந்த கிணற்றுக் கயிற்றைப் போல விறைத்துக்கொண்டு வரும். ஓட ஆரம்பித்துக் கால் சூடானதும் வலி போய்விடும், போய்விட்டது என்று அவரும் ஓடுவார், ஓடி முடித்து உட்கார்ந்தால் திரும்ப வந்துவிடும். தைலம் தேய்த்தார், வைத்தியரிடம் போய்ச் சுளுக்கு எடுத்துக்கொண்டார், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார், ஓட்டத்தை மட்டும் விடவில்லை. தசைநாரின் மேல் அவரைக்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம் தோன்றியது. சித்திரையில் ஒருநாள் கரட்டிலிருந்து இறங்கும்போது எண்பதாவது படியில் இடது காலை ஊன்ற முடியாமல் உட்கார்ந்தவரை, வாடகை ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

மெடிக்கல் ஷாப் மாடியில் புதிதாக வந்திருந்த பிசியோதெரபிஸ்ட் ஷெர்லின், நாகர்கோவில் பெண், காலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, ஓடியதில் தப்பில்லை, ஒரே வாரத்தில் அவ்வளவு கூட்டியதில்தான் தப்பு என்றாள். அறுந்து போகவில்லை, ஆனால் அறுத்துவிடுகிறேன் என்று மிரட்டுகிறது என்றாள். ஓட்டம் மூன்று மாதத்துக்குக் கிடையாது. அதற்காகச் சும்மா படுத்துக் கிடக்கவும் கூடாது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் எக்கி நின்று, வலது காலை எடுத்துவிட்டு, இடது குதிகாலை மட்டும் மெல்ல மெல்லக் கீழே இறக்க வேண்டும். பதினைந்து தடவை, மூன்று சுற்று, காலையும் மாலையும். எவ்வளவு மெதுவாக இறக்க வேண்டும் என்று சென்னியப்பன் கேட்டார். உங்களால் முடிகிறதைவிட மெதுவாக என்று அவள் சொன்னாள்.

அன்றைக்கு மறுநாள்தான் அந்த வைகாசி ஏழு. தன் ஓட்டம் தன்னை விட்டுவிட்டுப் போகிற சத்தத்தைக் கேட்டபடி படுத்துக் கிடப்பது எப்படி இருக்கும் என்பதைச் சென்னியப்பன் யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பத்தொரு நிமிஷம் கழித்து அது திரும்பி வந்து, வாசற்படியில் நின்று மூச்சு வாங்கி, மூச்சு அடங்கி, சத்தமில்லாமல் போயிற்று. அவர் வாட்சைப் பார்த்தார். நல்ல நாளில் தான் ஓடுவதைவிட ஒரு நிமிஷம் குறைச்சல் என்பதுதான் அவர் மனதில் முதலில் பட்டது. அதற்காகக் கொஞ்சம் பெருமையும் பட்டார், மனுஷனுடைய புத்தி அப்படி.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் வேறு. கரட்டுப்புதூர்க்காரர்களுக்கு ஒன்று பழகிவிட்டால் போதும், அதற்கு உடம்பு இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்தான். பதினெட்டு வருஷமாக அந்தக் காலடியைக் கேட்டு எழுந்தவர்கள், கேட்டுக் கோலம் போட்டவர்கள், கேட்டு அரிசி மில் மோட்டாரைப் போட்டவர்கள், அடுத்த நாளும் கேட்டார்கள், எழுந்தார்கள், போட்டார்கள். மில் முக்கில் எப்போதும் அவரைக் குரைத்துத் துரத்துகிற நான்கு நாய்கள், துரத்துவதற்குக் கால் தென்படாததால் இரண்டு நாள் குழம்பி நின்றுவிட்டு, மூன்றாம் நாள் சமாதானமாகி அதோடு கூடவே ஓடின. டீக்கடையில் ஒரு டம்ளர் வெந்நீர் வெளியே எடுத்து வைக்கப்பட்டது. யார் குடித்தது என்று யாரும் பார்க்கவில்லை, ஆனால் திரும்ப எடுக்கும்போது டம்ளர் காலியாக இருந்தது. வாய்க்கால் பாலத்தில் லாரிகள் அதற்காக வேகம் குறைத்தன.

நடைப்பயிற்சிச் சங்கத்தில்தான் கொஞ்சம் சர்ச்சை வந்தது. சங்கத்தின் செயலாளர் ஆறுச்சாமி ஓய்வுபெற்ற சர்வேயர், எதையும் அளந்து எல்லைக்கல் நடாமல் விடமாட்டார். ஆள் வராமல் ஓட்டம் மட்டும் வந்தால் வருகைப் பதிவேட்டில் குறிக்கலாமா, கூடாதா? இரண்டு கூட்டம் போட்டுப் பேசினார்கள். சங்கத்தின் நோக்கம் உடம்பைப் பேணுவது என்று விதிமுறையில் இருக்கிறது, இங்கே உடம்பே இல்லை என்று ஒரு கட்சி. வராமல் வந்ததாகக் கையெழுத்துப் போடுகிறவர்களைவிட, கையெழுத்துப் போடாமல் வருகிறது மேல் என்று இன்னொரு கட்சி. கடைசியில் சென்னியப்பன் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு டிக் அடிப்பது என்று முடிவாயிற்று. பேனா அவருக்காகக் காத்திருக்கும் என்று ஆறுச்சாமி பெருந்தன்மையாகச் சொல்லியனுப்பினார்.

சென்னியப்பன் வீட்டில், மாடிப்படியின் இரண்டாவது படியில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை இறக்கிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இறக்க, முதல் வாரம் வலி கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. வலி பத்துக்கு மூன்று இருந்தால் செய்யலாம், ஐந்துக்கு மேல் போனால் நிறுத்திவிட வேண்டும் என்று ஷெர்லின் சொல்லியிருந்தாள். வலிக்கு மார்க் போடுவது அவருக்குப் பிடித்திருந்தது. ஒரு நோட்டுப் போட்டு, காலை நாலு, மாலை மூன்றரை என்று எழுதி வந்தார். அவருக்குப் பிடிக்காதது மெதுவாக இறக்குவதுதான். குதிகால் அந்தரத்தில் நிற்கும்போது செய்வதற்கு ஒன்றுமில்லை, பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இருபத்தாறு வருஷமாக அவர் எதற்காகவும் காத்திருந்ததில்லை, பஸ்தான் அவருக்காகக் காத்திருந்தது.

நான்காவது வாரம், ஐந்து பத்துக்கு ஓட்டம் படியிறங்கியபோது, கூடவே கேட் திறக்கிற சத்தமும் கேட்டது. சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். அவர் சம்சாரம் சம்பூர்ணம், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மகள் எப்போதோ விட்டுப்போன கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு, வீதியில் இறங்கி நடந்தாள்.

சம்பூர்ணத்துக்கு நாற்பத்தெட்டு வயது. பல வருஷத்துக்கு முன்னால் ஒருதரம் அவரோடு வருகிறேன் என்று கிளம்பிப் பதினோரு நாள் வந்திருக்கிறாள். நீ மெதுவாக வா, நான் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் ஓடுவார். பிடிப்பார், தாண்டுவார், மறுபடி பிடிப்பார், தாண்டும்போது கையைத் தூக்கிக் காட்டுவார். பன்னிரண்டாம் நாள் அவள் முட்டி வலி என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போனாள். அவரும் சரி என்று விட்டுவிட்டார். அப்போது அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

இப்போது ஓட்டம் அவளை விட்டுவிட்டுப் போகவில்லை. முதல் நாள் வீதி முனை வரை போய், அவள் பின்னால் வருகிறாள் என்று தெரிந்து, நின்றது. நின்ற இடத்திலேயே தட் தட் தட் என்று கால் மாற்றிக்கொண்டிருந்தது. அவள் வந்து சேர்ந்ததும் மெல்ல நடந்தது. சென்னியப்பனின் ஓட்டம் நடந்ததை அன்றைக்குத்தான் ஊர் முதல்முதலாகக் கேட்டது. பால் ஊற்றிக்கொண்டிருந்த மயிலாத்தாள் பால் அளக்கிற படியைக் கையில் பிடித்தவாறு நின்று கேட்டாள். அவள்தான் பிறகு எல்லோரிடமும் சொன்னாள், பக்கத்தில் நடக்கிறபோது அந்தக் காலடிக்கு இடது பக்கத்து அழுத்தம்கூட இல்லை என்று.

ஐம்பத்தொரு நிமிஷம் ஒரு மணி நேரமாயிற்று, ஒரு மணி நேரம் ஒன்றரை ஆயிற்று. ஊர் தன் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டது. மில் மோட்டார் இருபது நிமிஷம் தாமதமாகப் போடப்பட்டது, பள்ளிக்கூட மைதானத்தில் கபடி ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நீட்டிக்கொண்டார்கள், பால் வர நேரமானதால் கரட்டுப்புதூர் வீடுகளில் முதல் காப்பி வரக்காப்பியாயிற்று. யாரும் குறை சொல்லவில்லை. சங்கத்தில் சம்பூர்ணத்தின் பெயரைப் பேனாவால் எழுதினார்கள். ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்த நாட்களில் வாய்க்கால் மேட்டில் போனவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: சம்பூர்ணத்தைச் சுற்றி ஒரு ஆள் அகலத்துக்குக் காற்று மட்டுப்பட்டிருந்தது. அவள் பேசிக்கொண்டே வருவாள். எதிரே ஆள் வந்தால் நிறுத்துவாள், தாண்டியதும் திரும்பத் தொடங்குவாள். வீட்டில் ஒருநாளைக்கு இருபது வார்த்தை பேசுகிற மனுஷி.

அதுதான் சென்னியப்பனைத் தின்றது. ஓட்டம் போனதுகூடப் பரவாயில்லை, பதினாலு வாரத்தில் திரும்பி வந்துவிடும் என்று ஷெர்லின் நாள் குறித்துக் கொடுத்திருந்தாள். ஆனால் அவள் அதனிடம் என்ன பேசுகிறாள்? மொட்டை மாடிக்கு நொண்டி நொண்டி ஏறி நின்று காதைக் கொடுத்தார். வீதி திரும்பும் வரை அவள் வாயைத் திறக்கமாட்டாள், திரும்பியதும் குரல் கேட்கும், வார்த்தை கேட்காது. ஆறுச்சாமியிடம் மெதுவாக விசாரித்தார். ஆறுச்சாமி, அடுத்தவர் சம்சாரம் பேசுகிறதை அளக்க என்னிடம் சர்வே சங்கிலி இல்லை என்று சொல்லிவிட்டார். ஒருநாள் சாப்பாடு போடும்போது அவளிடமே கேட்டார்.

"ரோட்டுல என்ன பேசிட்டுப் போறே?"

"சும்மாதானுங்க" என்றாள் சம்பூர்ணம். "நாயைப் பத்தி, வெயிலைப் பத்தி."

தன் காலடியின் மேலேயே தனக்குப் பொறாமை வரும் என்று யார் நினைத்திருப்பார்கள்? பதினைந்தை இருபதாக்கினார், முதுகில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு இறக்கினார். அதைக் கேட்டு ஷெர்லின் கோபித்துக்கொண்டாள். கனம் கூட்டலாம், ஆனால் நான் சொல்கிறபோது, நான் சொல்கிற அளவு என்றாள். கரட்டுப் படியில் செய்த அதே தப்பை வீட்டுப் படியிலும் செய்கிறீர்கள் என்றாள். அவர் அடங்கினார். ஆறாவது வாரம் காலை விறைப்பு போயிற்று, ஒன்பதாவது வாரம் வீக்கம் அமுங்கிற்று, பதின்மூன்றாவது வாரம் ஒற்றைக்காலில் இருபத்தைந்து தடவை எக்கி இறங்கியும் நோட்டில் சைபர் என்று எழுத முடிந்தது. ஷெர்லின் தாளில் எழுதிக் கொடுத்தாள்: ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை, எட்டுத் தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றில் இரண்டு பங்கு நடை. சம்பூர்ணத்தோடு சேர்ந்தே போய்விட்டு வரலாம், அந்தத் தாளில் இருந்தபடி அவர் நடந்திருந்தால்.

ஆவணி பதினோராம் தேதி ஐந்து பத்துக்கு அவர் ஷூ கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றார். கேட்டருகே சம்பூர்ணம் நின்றாள். ஓட்டம் படியிறங்கியது. அவர் அதோடு சேர்த்துத் தன் காலை எடுத்து வைத்தார். இடதின் மேல் இடது, வலதின் மேல் வலது. முதல் அடியில் இரண்டு சத்தம் கேட்டது, இரண்டாவது அடியிலும் இரண்டு, மூன்றாவது அடியில் ஒன்றுதான். உள்ளங்காலிலிருந்து ஒரு சூடு ஏறி முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்தது. வலி இல்லை. பதினாலு வாரத்துக்குப் பிறகு மண் அவரைத் தூக்கிவிட்டது. ஒரு நிமிஷம் முடிந்தது, வாட்ச் பீப் என்றது. அவர் நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று தெரியும், பின்னால் அவள் வருகிறாள் என்றும் தெரியும், ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து பிடித்துக்கொள்ளலாம் என்று கால் சொல்லிற்று, அவரும் காலின் பேச்சைக் கேட்டார்.

மில் முக்கில்தான் முதல் வார்த்தை வந்தது. காதில் வரவில்லை, பாதத்தில் வந்தது. எந்த இடத்தில் எதைச் சொன்னாளோ அந்த இடத்தில் கால் பட்டதும் அது மேலேறி வந்தது. பதினாலு வாரத்தில் ஓட்டம் தான் கேட்டதையெல்லாம் பத்திரமாக வைத்திருந்து, உடையவரிடம் ஒப்படைத்துக்கொண்டு வந்தது. மில் முக்கில், அவர் சந்தையில் வாராவாரம் ஆசையாக வாங்கி வருகிற பீர்க்கங்காய் அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே பிடிக்காது என்றது. சென்னியப்பன் ஓடிக்கொண்டே சிரித்துவிட்டார். மைதானத்து ஓரத்தில், மகள் பிரசவத்துக்கு வந்து போன பிறகு வீடு இவ்வளவு பெரிசாகிவிட்டதே என்றது. வாய்க்கால் பாலத்தில், பதினோரு நாள் அவரு பின்னால வந்தேன், ஒரு நாளாவது திரும்பிப் பார்ப்பாருன்னு இருந்தேன் என்றது. அவர் வேகம் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை, ஏனென்றால் அடுத்தது பஸ் ஸ்டாண்டு, அங்கே என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டு விவகாரம் கரட்டுப்புதூரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஏழு வருஷத்துக்கு முன்னால், அவர் மாமியார் சின்னக்காம்பாளையத்தில் பல மாதமாகப் படுக்கையில் கிடந்த சமயம். ஒருநாள் சம்பூர்ணம் கூடையும் பையுமாகப் பத்து நாற்பது பஸ்ஸுக்கு ஓடி வந்தாள். பழக்கடை வரை வந்துவிட்டாள், இருபதடிதான் பாக்கி. டிரைவர் அவளையும் பார்த்தார், டைம் கீப்பரையும் பார்த்தார். சென்னியப்பன் வாட்சைப் பார்த்து விசில் ஊதினார். பஸ் போயிற்று, அடுத்தது பதினொன்று இருபத்தைந்துக்கு. சொந்தச் சம்சாரத்துக்கே பஸ்ஸை நிறுத்தாத மனுஷன் என்று ஊர் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது, டிப்போ விழாவில் மேடையிலேயே சொன்னார்கள். மாமியார் அன்றைக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தாள். டூட்டி முடித்துவிட்டுச் சாயங்காலம் போனவரிடம், கண்ணை மூடும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன், கடைசிப் பால் என் கையால்தான் ஊற்றினேன் என்று சம்பூர்ணம் சொன்னாள். அவருக்கு அது பெரிய ஆறுதல். வருஷா வருஷம் திதியன்று சொந்தக்காரர்களிடம் அதைச் சொல்வார், பெண் கையால் பால் வாங்கிக்கொண்டு போன புண்ணியவதி என்று.

பழக்கடை முன்னால் இடது கால் பட்டது.

"நான் போய்ச் சேர்றப்ப அம்மாவுக்குக் கால் ரெண்டையும் சேர்த்துக் கட்டீட்டாங்க. பால் அக்காதான் ஊத்துனா. ரெண்டு தடவை வாசல்ல பஸ் சத்தம் கேட்டுதா, சம்பு வந்துட்டாளான்னு அம்மா கேட்டுச்சாம். அக்காகிட்ட நான்தான் சொல்லி வெச்சேன், அவருகிட்ட வேற மாதிரி சொல்லிக்கலாம்னு. தெரிஞ்சா அவரால அப்புறம் விசில் ஊத முடியாது."

அதற்கு மேல் அவரால் ஓட முடியவில்லை. பழக்கடையின் மூடிய தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குதிகால் வலிக்கவில்லை. மற்றதெல்லாம் வலித்தது.

வீட்டுக்கு நடந்து வர முக்கால் மணி நேரமாயிற்று. சம்பூர்ணம் முன்னாலேயே திரும்பி வந்து, ஷூவைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் அவர் வார்த்தை தேடிக்கொண்டு வந்திருந்தார். கடைசியில் வந்தது இவ்வளவுதான்.

"பால் உங்கக்கா ஊத்துனதாமா. எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, சம்பு."

கத்தி நின்றது. அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள், தன் பீரோவை யாரோ திறந்துவிட்டதைப் பார்க்கிறவளைப் போல.

"அதை நான் உங்ககிட்டச் சொல்லலீங்களே" என்றாள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவள் கோபிக்கவில்லை. காப்பி கொடுத்தாள், டூட்டிக்குச் சட்டை எடுத்து வைத்தாள். மறுநாள் ஐந்து பத்துக்கு மட்டும் அவள் எழுந்து வரவில்லை.

ஊருக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது. டைம் கீப்பர் குணமாகிவிட்டார் என்பது மட்டும் தெரியும். சங்கத்தில் சால்வை போர்த்தினார்கள், ஆறுச்சாமி பதினாலு வாரத்துப் பென்சில் டிக்குகளின் மேல் பேனாவை ஓட்டிக் கெட்டியாக்கினார், ஆனால் சால்வை போர்த்தியவர்கள் முகம் தொங்கித்தான் இருந்தது. நாய்கள் மறுபடி குரைத்தன. மில் மோட்டார் பழைய நேரத்துக்குத் திரும்பியது, பால் சீக்கிரம் வந்தது. மயிலாத்தாள் மட்டும் மனதில் பட்டதைச் சொன்னாள்: நீங்க நல்லானது சந்தோஷந்தானுங்க, ஆனா அது ரொம்பப் பதமா நடந்துச்சுங்க.

சென்னியப்பன் தன் ஓட்டத்தைத் திரும்ப அனுப்பிவிடப் பார்த்தார். நான்கு நாள் விடியலில் கட்டிலில் அசையாமல் படுத்துக்கொண்டு, போ, எழுந்து போ என்று மனதுக்குள் கெஞ்சினார். அது போகவில்லை, தொடைக்குள் சுருண்டு கிடந்தது. பிறகு கரட்டுக்குப் போனார். இருநூற்று நாற்பது படியையும் ஓடி ஏறினார், ஓடி இறங்கினார், மறுபடி ஏறினார், ஒரு வாரம் முழுக்க அதைச் செய்தார், தசைநார் பழையபடி முறுக்கிக்கொள்ளட்டும், ஓட்டம் பழையபடி தனியாகப் போகட்டும், அவள் அதோடு போகட்டும் என்று. பதினாலு வாரம் மெதுவாக இறக்கி இறக்கிப் பழக்கிய தசைநார், எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. ஷெர்லினிடம் போய், வலி எப்படித் திரும்ப வரும் என்று கேட்டார். அப்படிக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று அவள் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, வராது சார், நீங்கள் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றாள். அவர் படியிறங்கி வந்து மெடிக்கல் ஷாப் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்.

அதற்குப் பிறகு அவர் ஓடவில்லை. புரட்டாசி பிறந்து ஒரு வாரம் கழித்துச் சம்பூர்ணத்திடம், நடக்கலாமா, நான் ஓட மாட்டேன் என்றார். அவள் யோசித்துவிட்டு, சரிங்க என்றாள். ஐந்து பத்துக்குக் கிளம்பவில்லை, அவள் வேலை முடிந்து வருகிறபோது கிளம்பினார்கள், ஐந்தரை ஆயிற்று, சில நாள் ஆறு ஆயிற்று. அவர் வாட்ச் கட்டிக்கொள்ளவில்லை. அவள் அடியை எண்ணி, அவள் அடிக்குத் தன் அடியைச் சுருக்கி, வீதியில், மில் முக்கில், மைதானத்தில், அரையடிகூட முந்தாமல் பக்கத்திலேயே நடந்தார். அந்த ஓட்டம் நடந்ததைவிடப் பதமாக நடந்தார் என்று மயிலாத்தாளே ஒத்துக்கொண்டாள். சம்பூர்ணமும் முகம் கோணாமல் வந்தாள், குப்பை வண்டி வந்தால் ஒதுங்குங்க என்றாள், மழை வருமாட்டம் இருக்குது என்றாள், பஸ் ஸ்டாண்டு வழியாக வேண்டாமுங்க என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, மழை விட்டிருந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் செம்மண் நிறத்தில் போயிற்று. பாலத்தின் நடுவில் சென்னியப்பன் நின்றார். அவளும் நின்றாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார், ஏதாவது சொல்வாள் என்று, நாயைப் பற்றியாவது, வெயிலைப் பற்றியாவது. அவள் தண்ணீரைப் பார்த்தாள், பிறகு அவர் காலைப் பார்த்தாள்.

"கால் வலிக்குதுங்களா?" என்று கேட்டாள்.

வலியே இல்லை. இனி வரவும் வராது.

"ஆமா" என்றார் சென்னியப்பன்.

"அப்படீன்னா கொஞ்சம் நின்னு போலாமுங்க" என்று சம்பூர்ணம் பாலத்துச் சுவரில் அவருக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றாள்.